பஞ்சமும் சூரியப் புள்ளிகளும்

தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் நினைவில் பதிந்த 1876-78ஆம் ஆண்டுகளின் கொடும் பஞ்சத்திற்குக் காரணம் தேடியோரில் சிலர் சூரியனை நோக்கினர். சூரியப் புள்ளிகள் ஏறத்தாழப் பதினோராண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைபவை. அவை குறையும் காலத்தில் சென்னையில் மழையும் குறைகிறது என்று அரசு அதிகாரி வில்லியம் ஹண்டரும் வானியலாளர் நார்மன் லாக்கியரும் 1877இல் எழுதினர். அந்த நம்பிக்கையும் ஒரு காரணமாக, 1899இல் கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் நிறுவப்பெற்றது.

மழையை முன்னறிவிக்கும் சூத்திரம் அங்கே கிட்டவில்லை. வானம் பொய்த்தது உண்மை. ஆயினும் மக்கள் மடிந்துகொண்டிருந்தபோதே இந்தியத் துறைமுகங்களில் தானியம் கப்பலேறியதற்குச் சூரியன் பொறுப்பாகுமா?

இன்று அதே வழக்கு வேறு உருவில் நம்முன் நிற்கிறது. புவி வெப்பமடைவதற்குச் சூரியனே காரணம் என்போர் உளர். 1978 முதல் செயற்கைக்கோள்கள் அளந்ததில், ஒரு சுழற்சிக்குள் சூரிய ஆற்றல் ஏறக்குறைய 0.1 விழுக்காடே மாறுகிறது; நீண்டகால ஏறுமுகம் அதில் இல்லை. புவியின் வெப்பமோ ஏறியவண்ணம் உள்ளது. சூரியனுக்குப் பங்கே இல்லை என்று நாம் சொல்லவில்லை. மனிதர் பிழையைக் கதிரவன்மீது சுமத்துவது பழைய வழக்கம் என்பதை மட்டும் நினைவில் கொள்வோம்.