மச்சினனுக்கு ஒன்று... மகனுக்கு வேறு!

ட்ரெட்மில் இருக்கும் வீடுகளில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். முதல் மாதம் அது ஓடும். இரண்டாம் மாதம் அதன் கைப்பிடியில் ஈரத்துண்டு காயும். ஆறாம் மாதம், ‘பாதி விலைக்குக் கொடுத்துடலாம், யாராவது கேட்டா சொல்லுங்க’ என்பார்கள். வாங்கியவர் சோம்பேறி என்று வீட்டில் தீர்ப்பும் எழுதியாகிவிடும். பாவம், எதிர்வீட்டுக்காரருக்கு ஒத்துவந்தது தனக்கும் ஒத்துவரும் என்று நம்பினார். அவ்வளவுதான்!

‘யாருக்கு எந்தப் பயிற்சி?’ என்ற இந்தக் கேள்வியோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டிய ஒருவர், 1950-களிலிருந்து கடைசி வரை நம்ம சென்னையில்தான் இருந்தார். திருமலை கிருஷ்ணமாச்சார்யா. இன்றைக்கு உலகம் பூரா பாய் விரித்து யோகா செய்கிறார்களே... அதில் பெரும்பகுதி இவருடைய நான்கு மாணவர்கள் வழியாகப் போனதுதான். வேடிக்கை என்னவென்றால், அந்த நாலு பேரும் சொல்லிக்கொடுத்தது நாலு விதம். ஒருவரிடம் கற்றவரை இன்னொருவர் வகுப்பில் கொண்டுபோய் விட்டால், ‘இதுவும் யோகாதானா?’ என்று முழிப்பார்.

கதை தொடங்குவது மைசூரில். மகாராஜா நாலாம் கிருஷ்ணராஜ உடையார், 1933-ல் ஜகன்மோகன் அரண்மனையில் கிருஷ்ணமாச்சார்யாவுக்கு ஒரு யோகசாலை அமைத்துக் கொடுத்தார். வந்த மாணவர்களில் பெரும்பாலோர் அரச வம்சத்துச் சிறுவர்கள். துறுதுறு என்று இருக்கிற பையன்களிடம், ‘கண்ணை மூடி உட்காருடா’ என்றால் நடக்கிற காரியமா? ஆகவே, மூச்சோடு இணைத்து ஓர் ஆசனத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிற, வியர்வை கொட்டுகிற ஒரு முறை அங்கே உருவானது. அங்கே பயின்ற பட்டாபி ஜோயிஸ், 1948-ல் மைசூரிலேயே சொந்தமாகப் பள்ளி தொடங்கி, அந்த முறையை வரிசை மாறாமல் காப்பாற்றினார். ‘அஷ்டாங்க யோகா’ என்ற பெயரில் பாடகி மடோனா வரைக்கும் போய்ச் சேர்ந்தது அதுதான்.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது வயதில், முட்டிவலியோடு, யாரோ சொன்னார்கள் என்று இந்த மாதிரி வகுப்பில் சேர்ந்து அவதிப்படுகிறவர்கள் உண்டு. அரண்மனைப் பையன்கள் அளவுக்குத் தைத்த சட்டை அது. உங்களுக்கு இறுக்கிப் பிடித்தால் தப்பு உங்களுடையது அல்ல.

அதே மைசூருக்கு 1934-ல் ஒரு நோஞ்சான் பையன் வந்து சேர்ந்தான். தாய் வயிற்றில் இருக்கும்போதே இன்ஃப்ளூயன்ஸா காலம். பிறந்த பிறகு மலேரியா, டைஃபாய்டு, காசநோய் என்று ஒன்று பாக்கியில்லை. அவனுடைய அக்கா நாமகிரியம்மாளின் கணவர்தான் கிருஷ்ணமாச்சார்யா. அத்திம்பேர் வீட்டில் இருந்தும் முதலில் அவனுக்கு யோகா சரியாகக் கிடைக்கவில்லை. முக்கிய மாணவன் ஒருவன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போக, ‘மேடையில் செய்துகாட்ட ஆள் வேண்டுமே’ என்றுதான் மச்சினன் மேல் பார்வை விழுந்தது.

ஒருநாள், முன் பின்னாகக் காலை முழுசாக விரித்து உட்காரும் ஹனுமானாசனத்தைச் செய்யச் சொன்னார் குரு. பையனுக்கு அது தெரியாது. ‘கால்சட்டை ரொம்ப இறுக்கமா இருக்கு’ என்று சாக்குச் சொல்லிப் பார்த்தானாம். குரு கத்தரிக்கோல் வரவழைத்துக் கால்சட்டையை வெட்டிவிட்டார்! வேறு வழியில்லாமல் செய்தான். தொடைத் தசை கிழிந்து நெடுநாள் அவதி. பிற்காலத்தில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். அவர்தான் பி.கே.எஸ். அய்யங்கார்!

குருபக்தியைக் காட்டும் கதை என்று இதைச் சிலாகிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆளைப் பார்த்துப் பயிற்சி கொடுப்பதில் பின்னாளில் பேர் வாங்கிய ஒருவர், சொந்த மச்சினன் விஷயத்தில் ஆளைப் பார்க்கத் தவறினார் என்றுதான் தோன்றுகிறது.

அந்த வலி வீண்போகவில்லை. 1937-ல் பூனாவுக்கு ஆசிரியராகப் போன அய்யங்கார், சீக்காளி உடம்பையே பரிசோதனைக்கூடமாக வைத்துக்கொண்டார். கை தரைக்கு எட்டவில்லையா? செங்கல் ஒன்றை வை. கால் நீளவில்லையா? பெல்ட்டைப் போட்டு இழு. நிற்கவே முடியவில்லையா? நாற்காலி இருக்கிறதே! எட்டாத ஆசனத்தை உடம்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

1952-ல் வயலின் மேதை யெஹூதி மெனுஹின் பம்பாய் வந்திருந்தார். ஓயாத கச்சேரிகளில் உடம்பு களைத்துப்போயிருந்தது. அய்யங்காருக்கு ஒதுக்கியது ஐந்தே நிமிடம். வேறொருவராக இருந்தால் தலைகீழாக நின்று வித்தை காட்டியிருப்பார். இவர் மெனுஹினைப் படுக்கவைத்து, முகத்தில் விரல்களை வைத்து ஆசுவாசப்படுத்தினார். மனிதர் ஒரு மணி நேரம் தூங்கிவிட்டார்! அன்றைக்கு அவருக்குத் தேவைப்பட்ட பயிற்சி அதுதான். அப்புறம் இருவரும் ஆயுள் முழுக்க நண்பர்கள். மேலைநாட்டின் கதவு அய்யங்காருக்குத் திறந்தது இப்படித்தான்.

மூன்றாவது மாணவர் ஒரு பெண்மணி. ரீகா நகரில் பிறந்த இந்திரா தேவி, 1937-ல் யோகசாலையின் கதவைத் தட்டியபோது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். பெண், அதிலும் வெளிநாட்டுக்காரி... கிருஷ்ணமாச்சார்யா முடியாது என்றுவிட்டார். மகாராஜாவே சிபாரிசு செய்ததால் தட்ட முடியவில்லை. கடுமையான உணவுக் கட்டுப்பாடுகள் போட்டும் அந்த அம்மா அசரவில்லை. கடைசியில் குருவே, ‘நீ போய் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடு’ என்றார். 1940-களின் பிற்பகுதியில் அவர் ஹாலிவுட்டில் பள்ளி திறந்தார். தாவல், குதியல் எல்லாம் இல்லாத மென்மையான யோகா. 102 வயது வரை வாழ்ந்தார்.

சரி, மைசூருக்கு வருவோம். சமஸ்தானம் போனது, ஆதரவும் போனது. 1950-ல் யோகசாலையை மூடிவிட்டார்கள். அறுபதைத் தாண்டிய மனிதர், பெரிய குடும்பம், கையில் வேலை இல்லை. பக்கவாதத்தில் விழுந்த பிரபல சட்ட நிபுணர் ஒருவருக்குச் சிகிச்சை தரக் கூப்பிட்டதன் பேரில், 1952-ல் மெட்ராஸ் வந்தார்.

இங்கே அவரைத் தேடி வந்தவர்கள் வேறு ரகம். நோயாளிகள், நடுவயதுக்காரர்கள், தூக்கம் வராதவர்கள். இவர்களைத் தாவிக் குதிக்கச் சொல்ல முடியுமா? நாடி பார்த்தார், மூச்சைக் கவனித்தார், வயதையும் வேலையையும் விசாரித்தார். ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும் பாடம். ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவருக்குச் சொல்லவில்லை. கண்டிப்பான குரு திடீரென்று கனிந்துவிட்டார் என்று எழுதலாம். எனக்கென்னவோ, எதிரே உட்கார்ந்திருந்த ஆள் மாறியதுதான் பெரிய காரணம் என்று படுகிறது.

வீட்டுப்பிள்ளை தேசிகாச்சாருக்கு முதலில் இதெல்லாம் ஒட்டவில்லை. இன்ஜினீயரிங் முடித்துவிட்டு வேலைக்குப் போக வேண்டிய பிள்ளை. 1960-களின் தொடக்கத்தில் ஒருநாள், வீட்டு வாசலில் காரிலிருந்து இறங்கிய ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, சந்தோஷத்தில் அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பரம ஆசாரமான வைஷ்ணவரை! பிள்ளை வெலவெலத்துப் போய்க் கேட்டால், பல வருஷங்களுக்குப் பிறகு மாத்திரை போடாமல் அந்த அம்மா முதல்நாள் இரவு தூங்கினாராம். படித்த படிப்பை ஓரம் வைத்துவிட்டு அப்பாவிடமே மாணவரானார் தேசிகாச்சார். 1976-ல் அப்பா பெயரிலேயே சென்னையில் ‘கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம்’ தொடங்கினார். ஆளுக்கேற்ற யோகா என்பதுதான் அதன் அடிப்படை.

அப்பா அதைத் தன்மேலேயே பிரயோகித்துப் பார்க்கும் நாளும் வந்தது. 96 வயதில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. ஆபரேஷன் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். எழுந்து நிற்க முடியாது, உட்காரவும் சிரமம். படுத்தபடியே என்னென்ன அசைக்க முடியும் என்று பார்த்து, கட்டிலிலேயே செய்கிற மாதிரி தனக்கென்று ஒரு பயிற்சி வரிசையைத் தானே வகுத்துக்கொண்டார். 1989 பிப்ரவரியில் காலமானபோது அவருக்கு வயது 100.