பாடாமல் விட்ட சரணங்கள்

நூற்றாண்டு நன்றி ஆராதனைக்கான பாடல்களைத் தெரிவு செய்ய நாம் கூடிய மாலையில், ஒரு பாட்டிலேயே ஒரு மணித்தியாலம் கழிந்தது. ரொறன்ரோவிலிருந்து இணைந்த மூத்த சகோதரி ஒருவர், "நாங்கள் படிச்ச காலத்துப் பாட்டு ஒண்டும் குறையக்கூடாது" என்றார். ஊரிலிருந்து பேசிய இன்னொருவர், "அக்கா, அந்தப் பாட்டு எங்கட அம்மம்மாவையெல்லோ பழிக்குது. அதை நான் எப்படி வாய் திறந்து பாடுறது?" என்று கேட்டார். இருவரும் ஒரே மண்டபத்தில் காலைப் பிரார்த்தனைக்கு நின்றவர்கள். இருவருக்கும் பாடசாலைமீது உள்ள பற்றில் குறைவில்லை. ஆகவே அந்தப் பாட்டின் கதையை இம்மலரில் எழுதி வைப்பது நல்லது என்று நினைத்தோம்.

கிறீன்லாந்தின் பனிமலைகளில் தொடங்கும் அந்த ஆங்கிலப் பாட்டை ரெஜினால்ட் ஹீபர் 1819இல் வேல்ஸ் நாட்டின் ரெக்ஸம் நகரில் எழுதினார். மிஷன் ஊழியத்துக்குக் காணிக்கை சேர்க்கும் ஓர் ஆராதனைக்காக அது எழுதப்பட்டது. இலங்கையின் இயற்கை அழகைப் போற்றும் அதே சரணம், இங்கு வாழும் மனிதரைத் தாழ்த்திப் பேசுகிறது. சிலை வணங்குவோரைப் பார்வையற்றவர்களாகக் காட்டுகிறது. எழுதிய வேளையில் ஹீபர் இத்தீவைக் கண்டதில்லை.

பின்னர் 1823இல் அவர் கல்கத்தாவின் பிஷப் ஆனார். 1825இல் இலங்கைக்கும் வந்தார். 1826ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று தஞ்சாவூரில் தமிழ்ச் சபையாருடன் ஆராதித்து, தமிழிலேயே ஆசீர்வாதம் கூறினார். சில நாட்களின் பின் திருச்சிராப்பள்ளியில் காலமானார். எம் மக்களிடையே தமிழில் ஆசி கூறும்வரை அந்த மனிதர் பயணம் செய்தார். பாட்டோ 1819இல் நின்ற இடத்திலேயே நின்றது.

சில பதிப்புகளில் இலங்கையின் பெயருக்குப் பதிலாக ஜாவாவின் பெயர் அச்சிடப்பட்டது. இழிசொல் அப்படியே இருக்க, அது போய்ச் சேரும் ஊர் மட்டும் மாறியது. 1925இல் கல்கத்தாவில் மிஷனரிமாரின் கூட்டமொன்றில் பேசிய காந்தியடிகள், அவ்வரிகள் தம்மை எப்போதும் உறுத்தியதாகவும், நாடெங்கும் பயணம் செய்து தாம் கண்டது வேறு என்றும் சொன்னார். அவர் அதை மிஷனரிமாரின் முகத்துக்கு நேரே, பண்போடு சொன்னார்.

பாட்டின் சொல்லை மாற்றுவதும் விடுவதும் பக்தியில்லாதவர் செய்யும் வேலை என்று எண்ணுவோர் நம்மில் உண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. சிறு வகுப்புகளில் நாம் விரும்பிப் பாடிய, படைப்பின் அழகைப் போற்றும் பாட்டைத் திருமதி செசில் பிரான்சிஸ் அலெக்சாண்டர் 1848இல் சிறுவர் பாடல் நூலொன்றில் வெளியிட்டார். செல்வந்தன் மாளிகையிலும் ஏழை அவன் வாசலிலும் இருப்பது கடவுளின் ஏற்பாடு என்று பொருள்படும் சரணம் ஒன்று அதில் இருந்தது. 1906இல் வெளிவந்த 'இங்கிலிஷ் ஹிம்னல்' அச்சரணத்தை விட்டுவிட்டது. அப்படி விட்டவர்களும் திருச்சபையின் மக்களே. நாம் பாடியதும் அச்சரணம் இல்லாத பாட்டைத்தான்.

தமிழிலும் இந்த வழக்கு புதிதல்ல. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1820களில், புதிதாக வந்த மிஷனரிமார் பழைய ஞானப்பாட்டுகளின் சொற்களைத் திருத்தியதையும், தமிழ்ச் சங்கீதத்துக்குத் தடை போட்டதையும் எதிர்த்து எழுதினார். அவருடைய கீர்த்தனைகள் பின்னாளில் நிலைபெற்றன. 1853இல் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் வெளியிட்ட கீர்த்தனைத் தொகுப்பில் இடம்பிடித்தன. ஆனால் ஒன்றை மறைக்கலாகாது. அதே சாஸ்திரியார் கோவிலில் சாதிவாரியாகப் பிரிந்து அமரும் வழக்கத்துக்காகவும் வாதாடினார். சொல்லுக்காக எழும் எதிர்ப்பு எல்லாம் நியாயமானதென்று இல்லை. அது யாரைக் காக்க எழுகிறது என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

எமது வகுப்பில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1990களின் தொடக்கம், மின்சாரம் இல்லை, குப்பி விளக்கில் படித்த காலம். ஹீபரின் பாட்டைப் பாடிய ஒரு காலையில், சைவக் குடும்பத்துத் தோழி ஒருத்தி ஒரு சரணத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றாள். அடங்காமை என்று யாரும் தண்டிக்கவில்லை. ஆசிரியை அவளை அழைத்துக் காரணம் கேட்டார். அவள் சொன்னாள். மறுநாள் அந்த ஆசிரியை பாட்டை யார், எப்போது, எதற்காக எழுதினார் என்பதை வகுப்புக்கே விளக்கினார். "விளங்காமல் பாடுறதை விட, விளங்கிப் பாடாமல் விடுறது மேல், பிள்ளையள்" என்றார். 1995இன் இடப்பெயர்வில் புத்தகங்களும் உடைமைகளும் போயின. அந்த வார்த்தை எம்மோடு வந்தது.

வைத்தியத் தொழிலில் அது எமக்கு உதவியது. ஒருமுறை வார்டில், குழந்தையை இழந்த ஒரு தாயின் கட்டிலருகே, நல்மனத்தோடு வந்தவர்கள் ஒரு பாட்டைத் தொடங்கினார்கள். துன்பம் எல்லாம் கடவுள் தரும் தண்டனை என்பது அதன் கருத்து. தாய் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர்களை வெளியே அழைத்து, ஆறுதல் சொல்லும் வேறொரு பாட்டைப் பாடும்படி கேட்டோம். முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு பாடினார்கள். ஆராதனையில் சொல் மருந்தைப் போன்றது. நல்ல நோக்கத்தோடு கொடுத்தாலும் அளவும் ஆளும் பார்த்தே கொடுக்க வேண்டும்.

பிடிக்காத சொல்லைக் கண்டால் பக்கத்தைக் கிழிப்பது ஒரு வழி. மனம் ஒப்பாமலே உரக்கப் பாடுவது இன்னொரு வழி. எமது ஆசிரியை காட்டியது மூன்றாவது வழி: எழுதியவரை அறிதல், காயப்படுவோரைக் கேட்டல், மாற்றுவதானால் வெளிப்படையாக மாற்றுதல், பாட விரும்பாதவரை மரியாதையோடு மௌனமாக நிற்க விடுதல்.

அன்று மாலை இறுதியில் ரொறன்ரோ அக்காவே வழி சொன்னார்: "அந்தப் பாட்டு வேண்டாம். ஆனா அது எங்கட புத்தகத்தில இருந்ததெண்டு பிள்ளையளுக்குத் தெரிய வேணும்." எனவே நன்றி ஆராதனையில் அதன் இடத்தில் சாஸ்திரியாரின் கீர்த்தனை ஒன்று பாடப்படும். ஹீபரின் பாட்டின் கதை இம்மலரில் இருக்கும். எங்கிருந்து வந்தாலும், எந்தச் சமயத்தவராயினும், அன்று மண்டபத்தில் எம்மோடு நில்லுங்கள். பாட முடிந்ததைப் பாடுங்கள். முடியாத இடத்தில் பேசாமல் நில்லுங்கள். அந்த மௌனத்துக்கும் இப்பாடசாலையில் இடம் உண்டு.