நன்னம்பிக்கை முனையின் திராட்சத்தோட்டங்களும் திருவிருந்தும்

திருமறையில் திராட்சத்தோட்டம் இறைமக்களுக்கும், திராட்சரசம் புதிய உடன்படிக்கைக்கும் அடையாளங்களாய் விளங்குகின்றன. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துச் சிந்திக்கத் தென்னாப்பிரிக்காவின் முனைப்பகுதி வரலாறு நமக்குத் துணைசெய்கிறது.

1652இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, ஆசியா செல்லும் தன் கப்பல்களுக்கு உணவும் நீரும் வழங்கும்பொருட்டு அங்கே ஒரு நிலையத்தை நிறுவியது. அதன் தலைவர் யான் வான் ரீபேக் 1655இல் திராட்சக்கொடிகளை நடச்செய்தார். 1659 பிப்ரவரி 2ஆம் நாள் முதன்முதலாக ரசம் பிழியப்பட்டபோது, அவர் தம் நாட்குறிப்பில் கடவுளைத் துதித்தார். 1679இல் ஸ்டெல்லன்போஷ் குடியிருப்பு தோன்றியது. 1685இல் பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயி நாந்து கட்டளையை நீக்கி, சீர்திருத்தச் சபையாரின் வழிபாட்டுரிமையைப் பறித்தான். நாடு துறந்த ஹியூகெனோட்டியருள் ஏறத்தாழ 180 பேர் 1688, 1689ஆம் ஆண்டுகளில் முனைப்பகுதியை அடைந்தனர். அவர்கள் குடியேறிய பள்ளத்தாக்குகளுள் ஒன்று 'பிரெஞ்சு மூலை' எனப் பொருள்படும் ஃபிரான்ஸ்ஹுக் என்னும் பெயரால் இன்றும் வழங்குகிறது.

இதுவரை நாம் கண்டது விசுவாச உறுதியின் வரலாறு. ஆனால் அத்தோட்டங்களில் உழைத்த கைகள் எவருடையவை? மடகாஸ்கர், மொசாம்பிக், இந்தோனேசியத் தீவுகள், வங்காளம், நம் சோழமண்டலக் கரை ஆகிய இடங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளும், மேய்ச்சல் நிலத்தை இழந்த கோய்கோய் மக்களுமே அங்கு உழைத்தனர். மனச்சாட்சியின் விடுதலைக்காகத் தாயகம் துறந்து வந்தோருள்ளும் பலர் பிற மனிதரைத் தம் உடைமையாக்கிக்கொண்டனர். 1834இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தும், பயிற்சிக்காலம் என்ற பெயரால் 1838 வரை நீடித்தது. கூலியின் ஒரு பகுதியை மலிவான மதுவாக அளிக்கும் 'டாப்' முறையோ இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்து, தொழிலாளர் குடும்பங்கள் பலவற்றைக் குடிநோயில் ஆழ்த்தியது.

திருச்சபை என்ன செய்தது? டச்சுச் சீர்திருத்தச் சபையின் சினாடு 1829இல், நிறமோ பிறப்போ பாராமல் எல்லா உறுப்பினருக்கும் திருவிருந்து ஒருங்கே வழங்கப்படவேண்டும் எனத் தீர்மானித்தது. ஆனால் 1857இல், சேர்ந்து வழிபடுவதே வேதத்திற்கு ஏற்றது என ஒப்புக்கொண்டும், 'சிலருடைய பலவீனத்தை' முன்னிட்டு வெள்ளையரல்லாதார் தனிக் கட்டடத்தில் வழிபடலாம் என அதே சினாடு இடங்கொடுத்தது. 1881இல் அவர்களுக்கெனத் தனிச் சபையே அமைந்தது. விதிவிலக்காய்த் தொடங்கியது வழக்கமாயிற்று. பின்னர் இனஒதுக்கலுக்கு இறையியல் ஆதாரமுமாயிற்று. பலவீனர் எனப்பட்டோர் தோட்ட உரிமையாளரும் அவர்தம் இனத்தாருமே என்பதை நாம் கவனிக்கவேண்டும்.

அவ்வாறு ஒதுக்கப்பட்ட சபையே 1982இல் பெல்ஹார் விசுவாச அறிக்கையை வரைந்து, 1986இல் ஏற்றுக்கொண்டது. கிறிஸ்துவில் உள்ள விசுவாசமே சபையில் உறுப்பினராவதற்குரிய ஒரே நிபந்தனை என அது அறிக்கையிட்டது. கனியைப் பிழிந்தும் பந்தியில் இடம் மறுக்கப்பட்டோரின் வழிவந்தோரே, பந்தியின் பொருளைச் சபைக்கு மீண்டும் கற்பித்தனர்.

பாத்திரத்தைக் கையில் ஏந்தும் நாம், 'பலவீனத்தை முன்னிட்டு' எவரைத் தள்ளி அமர்த்துகிறோம் என்பதையும், அந்த ரசம் எவர் உழைப்பின் பயன் என்பதையும் எண்ணிப்பார்த்தல் தகும்.