கரும்புச் சக்கையும் கிருமியின் பிடியும்

சித்தூர், திருப்பதி வட்டாரக் கிராமங்களில் கரும்பைப் பிழிந்து, சாற்றைக் கொப்பரையில் காய்ச்சி வெல்லம் வார்ப்பது பழந்தொழில். பிழிந்த சக்கையை உலர்த்தி, அந்தக் கொப்பரைக்கே அடுப்பெரிப்பது வழக்கம். இனிப்பு சாற்றோடு போயிற்று, எஞ்சியது விறகே என்பது தலைமுறைகளாக வந்த எண்ணம். ஆனால் அச்சக்கையினுள்ளும் ஒரு சர்க்கரை ஒளிந்திருக்கிறது. அதிலிருந்து பெறக்கூடிய ஓர் இனிப்பு, கிருமிகள் பல்லைப் பற்றிக்கொள்ளாமல் தடுக்க உதவும் என்பதை விஞ்ஞானிகள் கண்ட வரலாறு அறியத்தக்கது.

1924-இல் இங்கிலாந்தில் கிளார்க் என்னும் ஆராய்ச்சியாளர் சொத்தைப் பற்களில் ஒரு கிருமியைக் கண்டு, அதற்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூடன்ஸ் என்று பெயரிட்டார். நாம் உண்ணும் சர்க்கரையே அதற்கு உணவு. அதைக்கொண்டு அக்கிருமி பல்லை அரிக்கும் அமிலத்தை உண்டாக்குகிறது; பசை போன்ற ஒரு பொருளையும் ஆக்கி, பல்லின்மேல் ஒட்டிக்கொள்கிறது. வாய் கொப்பளித்தாலும் அகலாத படலம் இவ்வாறே படிகிறது.

இக்கிருமிக்கு உதவாத இனிப்பு, அதற்கு முன்பே சோதனைச்சாலையில் பிறந்திருந்தது. 1891-ஆம் ஆண்டையொட்டி ஜெர்மனியில் எமில் பிஷரும், பிரான்சில் பெர்த்ராங்கும் ஸைலிடால் என்னும் பொருளைத் தனித்தனியே ஆக்கினர். மரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ரசாயன நூலார் இதனைச் சர்க்கரை ஆல்கஹால் வகையில் சேர்ப்பர். எனினும் இதில் போதை ஏதுமில்லை. நாவுக்குச் சர்க்கரை போன்றே இனிக்கும். கிருமியோ இதை உட்கொண்டாலும் அமிலமாக மாற்ற இயலாது வீணே சக்தியை இழக்கிறது. ஒட்டும் பசையும் குறைகிறது.

இதன் பயனை மக்களிடம் சோதித்தவர்கள் பின்லாந்து நாட்டினர். அங்கே பிர்ச் மரம் மிகுதி. 1972-இல் துர்க்கு நகரில் 125 பேரைக் கொண்டு இரண்டாண்டு ஆய்வு தொடங்கியது. வழக்கமான சர்க்கரை உண்டவர்களைவிட ஸைலிடால் உண்டவர்களுக்குப் புதிய சொத்தை சுமார் 85 சதவீதம் குறைந்தது. 1975-இல் ஸைலிடால் சேர்த்த சூயிங்கம் அங்கே விற்பனைக்கு வந்தது. பின்னர் ஊலு நகர மருத்துவர்கள், 1998-இல் வெளியிட்ட ஆய்வில், காது நோய் தரும் நிமோகாக்கஸ் கிருமிகள் தொண்டைச் செல்களில் ஒட்டுவதையும் இது குறைக்கிறதென்று காட்டினர்.

ஆயினும் இதனைச் சர்வரோக நிவாரணியாகக் கொள்ளலாகாது. பிற்காலத்தில் சான்றுகளைத் தொகுத்து ஆராய்ந்தவர்கள், பல ஆய்வுகள் வலுவற்றவை என்றனர். மிகுதியாக உண்டால் வயிறு இளகும். நாய்களுக்கோ இது கொடிய நஞ்சு. இரத்தத்தில் இதன் அளவு மிகுந்தவர்களுக்கு இருதய நோய் அபாயமும் மிகுதி என 2024-இல் வெளியான ஆய்வொன்று எச்சரித்தது.

உலர்ந்த கரும்புச் சக்கையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு, ஸைலிடாலுக்கு மூலமான ஸைலான் வகைப் பொருளே. சக்கையிலிருந்து அதைப் பிரிக்கும் முறைகளை நம் நாட்டு ஆய்வாளர்களும் சோதித்துள்ளனர். ஆயினும் செலவு பெரிய தடை. சித்தூரிலும் ரேணிகுண்டா அருகிலும் இயங்கிய கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் ஓய்ந்துபோன இந்நாளில், சாற்றுக்கு மட்டுமன்றிச் சக்கைக்கும் நல்ல விலை கிடைக்குமானால், அது கரும்பு விவசாயிக்குப் பேருதவியாகும்.

அந்நாள் வரும்வரை, திருமலையிலிருந்து லட்டுப் பிரசாதம் கொண்டுசென்று டில்லியிலும் பம்பாயிலும் பிள்ளைகளுக்குப் பகிர்ந்தளிக்கும் நம்மவர் செய்யத்தக்கது எளியதே. உண்டபின் அவர்களை வாய் கொப்பளிக்கச் செய்க. இரவில் பல் துலக்காமல் உறங்க விடாதீர்.