குழலும் விசையும்

தொண்ணூறுகளில், நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில் நிகழ்ந்தது இது. கினிகத்தேனையை அடுத்த தோட்டமொன்றில் மாரியம்மன் திருவிழா. லக்சபான மின்நிலையம் 1950ஆம் ஆண்டிலேயே எங்கள் அயலில் இயங்கத் தொடங்கியும், லயங்கள் பலவற்றுக்கு மின்சாரம் மிகப் பிந்தியே வந்தது. ஆகவே தொழிற்சாலையிலிருந்து கம்பி இழுத்திருந்தார்கள். மேற்கணக்குக்குக் கேட்கவில்லை என்று பலரும் முறையிட, ஒலிபெருக்கிக்குப் பொறுப்பான இளைஞன் குமிழை முற்றாகத் திருகினான். முறையிட்டவர்களுள் நானும் ஒருவன். இரண்டாம் நாள் குழல் கரகரத்து ஓய்ந்தது. அதன் விலையை அவன் கூலியிற் கழித்தார்கள்.

அம்பிளிபயர் முப்பது உவாற்று. குழல் ஐம்பது தாங்குவது. சிறியது பெரியதை எரிக்குமா? அவன் ஏதோ குளறுபடி செய்தான் என்றே யாவரும் முடிவு செய்தனர்.

இத்தொல்லை ஆதியில் இருந்ததில்லை. 1915இல் கலிபோர்னியாவில் ஜென்சன், பிரிடம் என்னும் இருவர் மக்னவொக்ஸ் குழலை ஆக்கினர். 1919இல் சான்டியாகோவில் ஜனாதிபதி வில்சன் அதன்மூலம் பெருங்கூட்டத்தில் உரையாற்றினார். 1925இல், அதாவது கொழும்பு வானொலி ஒலிபரப்பைத் தொடங்கிய அதே ஆண்டில், ரைஸ், கெலொக் என்போர் இக்கால ஸ்பீக்கரின் மூலவடிவை வெளியிட்டனர். ரேடியோலா 104 என விற்பனைக்கு வந்த அக்கருவியினுள்ளேயே ஒரு உவாற்று அம்பிளிபயரும் அமைந்திருந்தது. இரண்டையும் ஒரே கை பொருத்தியமையால் பொருத்தம் பார்க்கும் வேலை வாங்குவோனுக்கு இல்லை. தனித்தனியே விலைக்கும் வாடகைக்கும் எடுக்கும் வழக்கம் வந்தபின்னரே அவ்வேலை நம் தலையில் விழுந்தது.

அம்பிளிபயரில் எழுதிய எண், ஒலி சிதையாமல் அது தரக்கூடிய வலு. குழலில் எழுதியது, அதன் சுருள் தாங்கக்கூடிய வெப்பத்தின் அளவு. அளவுக்குமேல் திருகினால் அலையின் முகடுகள் வெட்டுண்டு சதுரமாகின்றன. அதே உயரமுள்ள சதுர அலை, சீரான அலையைப்போல் இருமடங்கு வலுவைச் சுமக்கும். முப்பது அறுபதை நெருங்கும். ஐம்பது தாங்கும் சுருள் கருகும். இவ்வளவுக்கும் கிடைத்த இலாபம் என்ன? வலு இரட்டித்தால் ஒலி மூன்று டெசிபெல் மட்டுமே உயரும். செவிக்கு இருமடங்காகக் கேட்க வலு ஏறத்தாழப் பத்து மடங்காக வேண்டும்.

மறு ஆண்டு மேற்கணக்கை நோக்கி இரண்டாவது குழலொன்று கட்டினார்கள். எட்டு ஓம் குழல்கள் இரண்டைப் பக்கம்பக்கமாக இணைத்தால் நான்கு ஓம் ஆகும். அதற்குரிய முனையிலேயே கம்பியைப் பூட்டினார்கள். குமிழ் பாதியைத் தாண்டவில்லை. பூட்டியவன் வேறொருவன், பழையவன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டிருந்தான்.