ஊர், தந்தை, தன்பெயர்: ஆங்கில எழுத்தில் தமிழ் ஆட்பெயர்களின் வரிசைமுறை

பெங்களூரு அல்சூர் ஏரியை ஒட்டிச் செல்லும் அண்ணாசாமி முதலியார் சாலையில் ஆர்.பி.ஏ.என்.எம். என்னும் ஐந்தெழுத்தைத் தலைப்பாகக் கொண்ட கல்லூரி ஒன்று உள்ளது. இவற்றுள் முதலிரண்டு எழுத்துகள் ராய் பகதூர் என்னும் அரசுப் பட்டத்தைக் குறிப்பன. மூன்றாவது ஆற்காடு என்னும் ஊர். ஐந்தாவது முதலியார் என்னும் சாதிப்பெயர். இடையில் நிற்கும் ‘என்’ என்னும் ஓரெழுத்தே 1873இல் பள்ளியைத் தோற்றுவித்த நாராயணசாமி (1827-1910) என்பவரின் தன்பெயர். பட்டமும் ஊரும் சாதியும் சூழ்ந்து நிற்க, பெயருக்குரியவர் நான்காம் எழுத்தாகச் சுருங்கிவிட்ட இவ்வமைப்பு, தமிழ் ஆட்பெயர் ஆங்கில எழுத்துக்குள் நுழைந்தபோது எதிர்கொண்ட சிக்கலை அறிதற்கு நல்லதொரு தொடக்கமாகும்.

அல்சூர் இச்சிக்கலுக்கு ஏற்ற களமாதற்குக் காரணம் உண்டு. 1809இல் ஆங்கிலேயரின் படைவீட்டுப் பகுதி உருவானபின் சென்னை மாகாணத்துப் படையினரும், அவர்களைச் சார்ந்து வாழ்ந்த வணிகர், ஒப்பந்தக்காரர், தொழிலாளர் முதலியோரும் இங்குக் குடியேறினர். 1947 வரை இப்பகுதி மைசூர் அரசின் நேரடி ஆட்சிக்கு வெளியே இருந்தது. படைப்பட்டியல், ஒப்பந்தப் பத்திரம், பள்ளிப் பதிவேடு என எல்லாவற்றிலும் தமிழர் பெயர்கள் ஆங்கிலத்தில் எழுதப்படவேண்டிய தேவை, தமிழகத்துச் சிற்றூர்களைவிட இங்கு முன்னதாகவே ஏற்பட்டது எனலாம். ஊர்ப்பெயரே அல்சூர், அலசூர், ஹலசூரு எனப் பலவாறு எழுதப்படும் இடத்தில் ஆட்பெயர்கள் ஒரு நிலைப்படாமை வியப்பன்று.

தமிழ்ப் பெயரின் இயல்பான வரிசை மிகப் பழமையானது. சங்கத் தொகைநூற் புலவருள் ஒருவர் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் எனப்படுகிறார். ஊர், தந்தை, தன்பெயர் என்பதே இங்குள்ள வரிசை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இடம்பெறும் பொய்கைநாடு கிழவன் ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான் என்னும் பெயரிலும் இடம், தந்தை பெயர், தன்பெயர், அரசு வழங்கிய பட்டம் என்பன இம்முறையிலேயே அமைகின்றன. ஆற்காடு நாராயணசாமி முதலியார் என்பதில் தந்தை பெயர் மட்டுமே இல்லை. சோழர் கால அதிகாரிக்கும் ஆங்கிலேயர் கால ஒப்பந்தக்காரருக்கும் இடையே எண்ணூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி இருப்பினும் பெயரின் எலும்புக்கூடு மாறவில்லை. கன்னடத்திலும் நிலை இதுவே. மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா, குப்பளி வேங்கடப்பா புட்டப்பா ஆகிய பெயர்களில் ஊரே முன்னிற்கிறது. எனவே அல்சூரில் தமிழரும் கன்னடரும் பெயர் வைப்பில் ஒரே இலக்கணத்தைப் பின்பற்றினர் என்பது இருமொழி உறவை ஆய்வோர் கருதத்தக்கது.

சோழர் கல்வெட்டுப் பெயர்களை முழுமையாகத் தொகுத்தவர்களுள் இருவர் சப்பானியர் என்பது சுவையான செய்தி. நொபொரு கராசிமா, ஒய். சுப்பராயலு, தோரு மாட்சுய் ஆகிய மூவர் உருவாக்கிய சோழர் கல்வெட்டுப் பெயர்ச் சொல்லடைவு 1978இல் வெளிவந்தது. கராசிமா (1933-2015) என்பது குடும்பப்பெயர்; தம் நாட்டில் அவர் கராசிமா நொபொரு. ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் மேலையோர் வழக்கத்திற்கேற்ப அவ்வரிசை தலைகீழாகியது. சுப்பராயலுவின் பெயரோ முதலெழுத்து முன்னும் தன்பெயர் பின்னுமாக, வீட்டில் எப்படியோ அப்படியே ஆங்கிலத்திலும் நிற்கிறது.

சப்பானியர் இத்தலைகீழ் முறையை மெய்சி காலத்தில் ஏற்றனர். பொதுமக்கள் அனைவரும் குடும்பப்பெயர் கொள்ளவேண்டும் என அங்கு 1875இல் சட்டமே இயற்றப்பட்டது. தமிழருக்கு அப்படியொரு சட்டம் என்றும் இருந்ததில்லை. பின்னர் 2000ஆம் ஆண்டில் அந்நாட்டு மொழி மன்றம் ஆங்கில எழுத்திலும் குடும்பப்பெயரையே முன்வைக்கலாம் எனப் பரிந்துரைத்தது. இருபதாண்டுகள் கழித்து, 2020 சனவரி முதல் நாள் தொட்டு அரசின் ஆவணங்கள் அம்முறைக்கு மாறின. தம் வரிசையை இழந்தவர்கள் அதனை மீட்டுக்கொண்டனர். தமிழர் செய்தது இதற்கு நேர் எதிரானது.

இம்மாற்றம் இரு கட்டங்களில் நிகழ்ந்தது. முதற்கட்டத்தில் சாதிப்பெயர் நீங்கியது. ஆங்கிலேயர் பெயரின் இறுதிச் சொல்லையே குடும்பப்பெயராகக் கொண்டமையால் முதலியார், ஐயர், பிள்ளை, நாயுடு ஆகியவை அவ்விடத்தைப் பிடித்தன. ஆற்காடு இராமசாமி முதலியார் 1946இல் ஐக்கிய நாடுகள் அவையின் பொருளாதார சமூக மன்றத்திற்கு முதல் தலைவரானபோது, மேலையோர் கண்ணுக்கு ஆற்காடு என்பது அவர்தம் முதற்பெயராகவும் முதலியார் என்பது குடும்பப்பெயராகவுமே தோன்றியிருக்கும். 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப்பட்டங்களை விடுமாறு தீர்மானித்தது. காலப்போக்கில் பலரும் அவற்றைக் கைவிட, காலியான இறுதியிடத்தில் தன்பெயர் தானாக வந்தமர்ந்தது. சாதியொழிப்பு நோக்கில் செய்யப்பட்ட செயல், ஆங்கில எழுத்தில் ஒருவரின் சொந்தப் பெயருக்கே தலைமையிடம் தேடித் தந்தது. இவ்விளைவு அதிகம் பேசப்பட்டதில்லை.

பட்டத்தைச் சேர்க்காது எழுதிய அறிஞருக்கு இவ்வாய்ப்பு முன்னரே கிடைத்திருந்தது. சீனிவாச இராமானுசன் என்பதில் சீனிவாசன் தந்தை. கணித உலகம் போற்றுவது மகனின் பெயரையே. சுப்பிரமணியன் சந்திரசேகர் பெயரும் அத்தகையதே. அவருடைய சிற்றப்பாவும் 1933 முதல் பெங்களூரில் வாழ்ந்து 1970இல் அங்கேயே மறைந்தவருமான சி.வி. இராமன் மட்டும் சற்று வேறுபடுகிறார். வேங்கடராமன் என்னும் ஒரே பெயர் வேங்கட எனவும் இராமன் எனவும் பிளவுபட்டு, முற்பாதி முதலெழுத்தாகவும் பிற்பாதி குடும்பப்பெயர் போன்றும் ஆயின. இராமன் விளைவு என்பது உண்மையில் பாதிப் பெயரால் அமைந்த வழக்கு.

இக்குழப்பத்தை முறையாக ஆராய்ந்தவர் நூலகவியல் அறிஞர் சீர்காழி இராமாமிருதம் ரங்கநாதன் (1892-1972) ஆவார். இவருடைய பெயரே ஊர், தந்தை, தன்பெயர் என்னும் வரிசைக்குச் சான்று. 1934இல் வெளிவந்த பகுப்புமுறைப் பட்டியல் விதிகளில், இந்துப் பெயர்களின் இறுதியில் நிற்கும் பொருளுடைய சொல்லை முதலில் எழுதுக என்று பொதுவிதி கூறிய அவர், தென்னிந்தியப் பெயர்களில் அவ்விறுதிச் சொல் சாதியை மட்டும் சுட்டுமாயின் அதற்கு முந்திய சொல்லையும் சேர்த்து இயல்பான வரிசையிலேயே எழுதவேண்டும் என விலக்கு வகுத்தார். இதன்படி அல்சூர்க் கொடையாளர் நாராயணசாமி முதலியார் எனப் பதிவு பெறுவார். முதலியார் என்னும் பெருங்கூட்டத்தில் தொலைந்துபோகமாட்டார். 1961இல் பாரிசில் கூடிய பன்னாட்டு நூற்பட்டியல் மாநாடும் ஆசிரியரின் நாட்டு வழக்கே பெயரின் பதிவுச்சொல்லை முடிவு செய்யவேண்டும் என்றது. ரங்கநாதன் பெங்களூரில் ஆவணவியல் ஆய்வு, பயிற்சி மையத்தைத் தொடங்கியது அதற்கடுத்த ஆண்டிலாகும்.

இரண்டாம் கட்டம் கடவுச்சீட்டால் வந்தது. முதலெழுத்தை விரித்தெழுதவேண்டும்; குடும்பப்பெயர், இடுபெயர் என இரு கட்டங்களை நிரப்பவேண்டும். குடும்பப்பெயர் இல்லாதவர் தந்தையின் பெயரை அக்கட்டத்தில் இட்டனர். காலியாக விட்டவர்க்கு அமெரிக்க நுழைவிசைவில் ‘முதற்பெயர் அறியப்படவில்லை’ எனப் பொருள்படும் மூன்றெழுத்து முன்னே ஒட்டிக்கொண்டது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயருடையோர் சுற்றுலா இசைவில் நுழையத் தடை விதித்தது. அல்சூர் ஏரிக்கரையில் 2009இல் திறந்துவைக்கப்பட்ட சிலைக்குரிய வள்ளுவர்க்கும் இந்நிலையில் வழியிருந்திராது.

இதன் பயன் ஆய்வுலகில் நேரடியாகத் தெரிகிறது. எடுத்துக்காட்டாக, முருகேசன் மகள் கவிதா என்பாரைக் கொள்வோம். இவர் மு. கவிதா என எழுதியவரை ஆங்கிலத் துணைநூற் பட்டியலில் கவிதா என்றே இடம்பெறுவார். கவிதா முருகேசன் என மாறிய நாள் முதல் அவருடைய கட்டுரைகள் முருகேசன் என்னும் பெயரின்கீழ்ச் செல்லும். மேற்கோள் காட்டுவோரும் முருகேசன் கூறுகிறார் என்றே எழுதுவர். முனைவர் பட்டத்திற்கு முன்னும் பின்னும் எழுதியவை இருவருடையனவாகப் பிரிந்துவிடும். திருமணத்தின்பின் கணவர் பெயர் அவ்விடத்தைப் பெறுமாயின் மூன்றாமவர் ஒருவர் தோன்றுவார். தமிழ் எழுத்தில் தந்தை பெயர் ஓரெழுத்தாக அடங்கி நிற்க, ஆங்கில எழுத்தில் அதுவே மகளின் உழைப்பைத் தனதாக்கிக்கொள்கிறது.

மலேசியத் தமிழர் தன்பெயரை முன்வைத்து, இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்பதைக் குறிக்கும் மலாய்ச் சொற்சுருக்கத்தை இடையில் இட்டு, தந்தை பெயரைப் பின்னே எழுதுகின்றனர். வரிசை மாறினும் உறவு மறைவதில்லை. ‘கணக்காயனார் மகனார்’ என்னும் பழந்தொடர் அங்கு வேறு மொழியில் உயிர் வாழ்கிறது.

சப்பானியர் ஆங்கிலத்தில் எழுதும்போது குடும்பப்பெயரை முழுவதும் பேரெழுத்தில் பொறித்து, வரிசை எதுவாயினும் ஐயம் எழாதவாறு செய்வதுண்டு. தமிழாய்வாளரும் தம் ஆங்கிலக் கட்டுரைகளில் தன்பெயரைப் பேரெழுத்தில் தரலாம். ஆய்விதழ்கள் துணைநூற் பட்டியலில் தன்பெயரையே பதிவுச்சொல்லாகக் கொள்ளலாம். கடவுச்சீட்டின் கட்டங்களை மாற்றும் அதிகாரம் ஆய்விதழ்களுக்கு இல்லை. துணைநூற் பட்டியலின் வரிசையோ முழுவதும் அவற்றின் கையிலேயே உள்ளது.