மீனாட்சி அம்மையும் மலையகத் தொழிலாளர் இயக்கமும்

மலையகத் தொழிற்சங்க வரலாற்றை எழுதியோர் கோ. நடேசய்யரை அதன் முன்னோடியாகக் கொண்டமை பொருத்தமானதே. ஆயின், அவர்தம் துணைவியார் மீனாட்சி அம்மை அவ்வரலாற்றிற் பெரும்பாலும் 'கணவருக்குத் துணைநின்றவர்' என்ற ஒரு தொடருள் அடங்கிவிடுகிறார். இம்மதிப்பீடு மறுபரிசீலனைக்குரியது என்பது எமது கருத்தாகும்.

'தேசபக்தன்' இதழ்ப் பணியிற் பங்குகொண்ட அம்மையார், 1931இல் அட்டனை மையமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் தோன்றிய காலத்தில் தொழிலாளர் கூட்டங்களிற் பாடினார், பேசினார். அப்பாடல்களைச் சொற்பொழிவுக்கு முந்திய கேளிக்கையெனக் கொள்வது தவறு. தோட்டம் துரைமாரின் தனியுடைமை. அழைப்பின்றி உட்புகும் வெளியார் அத்துமீறியவராகக் கருதப்பட்டனர். தொழிலாளருட் பெரும்பாலானோர் எழுத்தறிவு மறுக்கப்பட்டவர்கள். துண்டுப்பிரசுரத்தைக் கங்காணி பறிக்கலாம். மனத்திற் பதிந்த பாட்டைப் பறித்தல் இயலாது. எனவே பாடலை அச்சூழல் வேண்டிநின்ற அரசியல் வடிவமாகவே நாம் காணவேண்டும்.

அவ்வடிவம் பெண்களுக்கு இன்னும் இன்றியமையாததாயிற்று. தேயிலைத் தொழிலின் உயிர்நாடியான கொழுந்து பறித்தல் பெரிதும் பெண்களின் உழைப்பாகும். எனினும், 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி 1929இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சக் கூலி, உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என வகுத்தது. சட்டமே பேதத்தை விதித்த அச்சமூகத்தில், பெண்ணொருத்தி பொதுமேடையேறிக் கூலியையும் உரிமையையும் பற்றிப் பாடியமை தன்னளவிலேயே ஓர் அரசியற் செயலாகும்.

1940இல் அம்மையாரின் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்னும் பாடல் நூல் வெளிவந்தது. அதற்கு முந்திய ஆண்டில் அரச திணைக்களங்களில் நாட்கூலி பெற்ற இந்தியத் தொழிலாளர் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். 1940 சனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்நெருக்கடியின் பின்னணியிலேயே அந்நூலை வாசித்தல் வேண்டும்.

அதன் வரம்பையும் நாம் மறைத்தலாகாது. நூலின் தலைப்பே உணர்த்துவது போல, 'இந்தியர்' என்ற அடையாளம் அங்கு முதன்மை பெறுகிறது. வர்க்கம் அதனுள் உறைந்து கிடக்கிறது. இது தனியொருவரின் குறைபாடன்று. ஏ. ஈ. குணசிங்க தலைமையிலான நகரத் தொழிலாளர் இயக்கம் இந்திய எதிர்ப்பின் பக்கம் சாய்ந்தபின், தோட்டத் தொழிலாளருக்கு எஞ்சிய அரசியற் களம் அதுவாகவே இருந்தது.

1947இல் நடேசய்யர் மறைந்தார். அடுத்த ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. அம்மையார் பாடிய அச்சம் அவ்வாறு சட்டமாயிற்று. அப்பாடல்களைக் கூலிப்பதிவேடுகளோடும் சட்டசபை விவாதங்களோடும் ஒருங்குவைத்து ஆராயும்வரை மலையகத் தொழிலாளர் வரலாறு நிறைவுபெறாது.